கூரையும் நட்பும்

உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றும் மனித வாழ்வின் முதற்பெரும் தேவைகள் என்பர். இவற்றுள் உணவின் குற்றத்தை நாக்கு உடனே சொல்லிவிடும். உடையின் குற்றத்தைக் கண் காட்டிவிடும். உறையுளின் குற்றமோ ஆண்டுகள் பல சென்ற பின்னரே வெளிப்படும். அதிலும் தலைக்கு மேல் நிற்கும் கூரையின் குற்றம் எல்லாவற்றினும் காலம் தாழ்த்தே தன்னைக் காட்டிக்கொள்ளும். பிழைப்பை நாடி எல்லை கடந்து வந்து, பிறமொழி வழங்கும் மண்ணில் சொந்தமாக ஒரு வீடு அமைக்க வேண்டும் என்று சிறுகச் சிறுகச் சேர்த்து வைக்கும் நம்மனோர்க்குப் பயன்படக்கூடும் என்று எண்ணியே, கட்டடக் கலையில் பயிற்சி ஏதும் இல்லாத நான் இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

நான் இளங்கலைப் பட்டம் பெற்று, மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தனாகப் பணிபுரிபவன். கோப்பில் உள்ளதைப் படிப்பதும், படித்ததைப் பதிவேட்டில் எழுதுவதும், எழுதியதைக் கூட்டிச் சரிபார்ப்பதுமே நான் அறிந்த தொழில். அந்தச் சிறு தொழிலறிவு என் வீட்டுக் கூரையைக் காத்தது. கூரையினும் அரிய ஒன்றையும் காத்தது. அது யாது என்பதைப் பின்னர்க் கூறுவேன்.

சாமராஜநகர் கல்லுக்குப் பெயர்பெற்ற ஊர். அரிகுடாரம் என்று முன்பு வழங்கிய இவ்வூருக்கு, மைசூர் மன்னர் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் தம் தந்தை பிறந்த இடம் என்பதனால் 1818 இல் தந்தையின் பெயரைச் சூட்டினார். 1826 இல் அவர் எழுப்பிய சாமராஜேசுவரர் கோயில் இன்றும் ஊர் நடுவே உறுதியாக நிற்கின்றது. 1997 வரை மைசூர் மாவட்டத்தின் ஒரு பகுதியாக இருந்து, பின்னர்த் தனி மாவட்டமாயிற்று. இங்கு வெட்டி எடுக்கப்படும் கருங்கல் கடல் கடந்து செல்கின்றது. கல்லை வாங்க வருவோர் அதன் மேல் நீரூற்றிக் கழுவி, மயிரிழைப் பிளவு எங்கேனும் ஓடுகின்றதா என்று உற்றுப் பார்ப்பர். அளவு நாடாவைப் பிடித்து நீளமும் அகலமும் அளப்பர். அதன் பிறகே விலை பேசுவர். விற்பவர் எவரும், 'என்னை ஐயுறுகின்றீரா?' என்று முகம் சுளிப்பதில்லை. அளப்பது அத்தொழிலின் மரபு. வீடு கட்டுவதில் மட்டும் நாம் ஏனோ இந்த மரபைக் கைவிட்டுவிட்டோம்.

என் தந்தையார் சத்தியமங்கலத்துப் பக்கத்திலிருந்து திம்பம் மலைப்பாதை ஏறி இங்கு வந்தவர். சிறிய மளிகைக் கடை ஒன்றை வைத்துப் பத்தாண்டுகள் உழைத்து, ஓட்டு வீடு ஒன்றைக் கட்டினார். கூரை வேலையைத் தம் ஊர்க்காரரும் உயிர்த்தோழருமான தச்சர் ஒருவரிடம் ஒப்படைத்தார். வைரம் பாய்ந்த தேக்கில் கைமரங்கள், அவற்றின் மேல் மங்களூர் ஓடு என்பது பேச்சு. எழுத்தில் ஏதும் இல்லை. மரம் வந்து இறங்கியபோது அதன் மேல் கறுப்பு எண்ணெய் பூசப்பட்டிருந்தது. கரையானுக்குப் பகை என்று தச்சர் சொன்னார், தந்தையார் தலையசைத்தார். ஏணியில் ஏறிப் பார்ப்பதும், எண்ணெயைச் சுரண்டிப் பார்ப்பதும் தோழரை அவமதிப்பதாகும் என்று அவர் கருதினார்.

ஐந்தாம் ஆண்டில் நாங்கள் உண்ணும் தட்டில் மாவுபோல மரத்தூள் விழத் தொடங்கியது. வைரம் பாயாத இளமரத்தை உளு துளைத்துக்கொண்டிருந்தது. அடுத்த மழைக்காலத்தில் முகடு வளைந்தது; ஓடுகள் நழுவின. பாத்திரங்களை ஒழுகும் இடங்களில் வைத்துவிட்டு என் தாயார் இரவு முழுதும் விழித்திருந்தார். தந்தையார் தச்சரின் வீட்டு வாயிலில் நின்று சொல்லத்தகாத சொற்களைச் சொல்லிவிட்டு வந்தார். அதன் பின்னர் இருவரும் ஒரு தெருவில் எதிர்ப்பட்டாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டனர். ஒருவர் இறந்தபோது மற்றவர் இழவுக்கும் செல்லவில்லை. கூரையைப் பின்னர்க் கடன் வாங்கிப் பிரித்து வேய்ந்தோம். நட்பை வேய்வதற்கு வழி இல்லாமற் போயிற்று.

இந்த நினைவோடுதான் நான் 2022 இல் வீடு கட்ட முனைந்தேன். அரசு ஊழியர்க்கு வழங்கப்படும் வீடு கட்டும் முன்பணத்தை நாடினேன். அந்த விதிகளில் ஒரு கூறு என் கருத்தைக் கவர்ந்தது. ஏற்பளிக்கப்பட்ட வரைபடத்துக்கும் பொருள் விவரத்துக்கும் இணங்கவே வீடு கட்டப்பட வேண்டும். மாறுதல் செய்வதானால் முன்னதாகவே இசைவு பெற வேண்டும் என்பது அதன் கருத்து. கடன் கொடுக்கும் அரசே இவ்வளவு கருதும்போது, வாழ்நாள் முழுதும் அக்கடனை அடைத்து அக்கூரையின் கீழ் உறங்கப் போகிறவன் எவ்வளவு கருத வேண்டும் என்று எண்ணினேன்.

வரைபடம் என்பது வெறும் தாளன்று என்பதை, பிள்ளைகளோடு மைசூர் அரண்மனைக்குச் சென்ற ஒருநாள் உணர்ந்திருந்தேன். மரத்தால் அமைந்திருந்த பழைய அரண்மனை 1897 இல், அரசகுமாரியின் திருமணக் காலத்தில், தீக்கு இரையாயிற்று. புதிய அரண்மனையை வரைந்தவர் ஹென்றி இர்வின். சென்னை உயர்நீதிமன்றக் கட்டடத்தோடும் தொடர்புடையவர். 1912 இல் வேலை நிறைவெய்தியது. அங்குள்ள கல்யாண மண்டபத்தின் இரும்புத் தூண்களும் வண்ணக் கண்ணாடிக் கூரையும் ஸ்காட்லாந்து நாட்டுக் கிளாஸ்கோ நகர வார்ப்படச் சாலையில் உருவானவை. கண்ணாடியில் உள்ள மயில் கோலங்களை வரைந்தோர் மைசூர்க் கலைஞர்கள். எண்ணிப் பாருங்கள்: இங்கு வரைந்த கோலம் கடல் கடந்து சென்று, கண்ணாடியாகவும் இரும்பாகவும் திரும்பி வந்து, உரிய இடத்தில் பொருந்தியது. ஒருவரை ஒருவர் முகம் பாராத கைவினைஞர்களை இணைத்தது அளவு ஒன்றே அன்றோ? சங்க நூலாகிய நெடுநல்வாடையும், கட்டட நூல் அறிந்தோர் நண்பகலில் நிழல் பார்த்துத் திசை கண்டு, கயிறு பிடித்து அளந்து வேந்தனின் மனையை வகுத்தனர் என்று கூறுகின்றது. ஆகவே அளந்து கட்டுதல் நமக்குப் புதிதன்று.

கட்டும் பொறுப்பை யாரிடம் ஒப்படைப்பது என்ற கேள்வி எழுந்தபோது, தந்தையார் செய்ததையே நானும் செய்தேன். நம்மவர் ஒருவரையே நாடினேன். எங்கள் தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழாவுக்கு ஆண்டுதோறும் கூலி வாங்காமல் பந்தல் அமைத்துத் தருபவர் அவர். வயதில் என்னினும் இளையவர். என்னை அண்ணா என்றும் என் தாயாரைப் பெரியம்மா என்றும் அழைப்பவர். கன்னடம் பேசும் இளம்பொறியாளர் ஒருவர் வரைபடம் தந்தார். ஒப்பந்தத் தாளை நான் நீட்டியபோது மேஸ்திரியின் முகம் வாடியது.

"ஏனுங்கண்ணா, நமக்குள்ள எதுக்குங்க காயிதம்? எம்மேல நம்பிக்கை இல்லீங்களா?"

"நம்பிக்கை இருக்கறதாலதானுங்க தம்பி உங்ககிட்ட வந்தேன். காயிதம் நம்ம ரெண்டு பேருக்கும் சேத்துத்தான்" என்றேன்.

திருவள்ளுவர் ஆராயாமல் ஒருவரைத் தெளிதலையும், தெளிந்த பின் அவரிடம் ஐயம் கொள்ளுதலையும் ஒரே குறளில் வைத்து, இரண்டும் தீராத் துன்பம் தரும் என்கிறார். என் தந்தையார் முன்னதைச் செய்து, பின்னதில் விழுந்தார். இரண்டிலும் அகப்படாத வழி எது என்பதே என் கவலை. அளவை எழுத்தில் வைப்பதே அவ்வழி என்று எனக்குத் தோன்றியது.

பொருளும் கூலியும் அவருடைய பொறுப்பு என்று ஒப்பந்தம் அமைந்தது. 'நல்ல கம்பி', 'தரமான சிமெண்ட்' போன்ற சொற்களுக்கு அதில் இடம் தரவில்லை. நல்லது என்பது அவரவர் நாவில் ஒவ்வொரு பொருள் தரும். எண்ணோ யாவர்க்கும் ஒன்றே. தளத்தின் கனம் 5 அங்குலம். குறுக்கு அகலத்தில் செல்லும் முதன்மைக் கம்பி 10 மில்லிமீட்டர், 6 அங்குலத்துக்கு ஒன்று. நீளவாக்கில் செல்லும் கம்பி 8 மில்லிமீட்டர், 8 அங்குலத்துக்கு ஒன்று. கான்கிரீட் கலவை ஒரு பங்கு சிமெண்ட், ஒன்றரைப் பங்கு மணல், மூன்று பங்கு ஜல்லி. பணம் கட்டம் கட்டமாக, ஒவ்வொரு கட்டமும் சரிபார்க்கப்பட்ட பின்னர். ஒவ்வொரு பக்கத்திலும் இருவரும் கையொப்பம் இட்டோம். வரைபடத்தின் படி ஒன்றையும் அதனோடு சேர்த்துத் தைத்தேன்.

கம்பி வந்து இறங்கிய நாளில் ஒரு கம்பியை எடைத் தட்டில் வைக்கச் சொன்னேன். இதற்கு எளிய கணக்கு உண்டு. கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, 162 ஆல் வகுத்தால், ஒரு மீட்டர் கம்பியின் எடை கிலோவில் கிடைக்கும். 12 மீட்டர் நீளமுள்ள 10 மில்லிமீட்டர்க் கம்பி 7.4 கிலோவும், 8 மில்லிமீட்டர்க் கம்பி ஏறத்தாழ 4.7 கிலோவும் இருத்தல் வேண்டும். சிறிது கூடக் குறைய இருக்கலாம். பெரிதும் குறைந்தால் கம்பி மெலிந்தது என்று பொருள். எங்கள் கம்பி சரியாகவே நின்றது. சிமெண்ட் மூட்டையின் மேல் எந்த ஆண்டின் எத்தனையாவது வாரத்தில் ஆக்கப்பட்டது என்று அச்சிடப்பட்டிருக்கும். மூன்று மாதம் கிடந்த சிமெண்ட் வலிமை குன்றும். அதனையும் பார்த்துக் குறித்துக்கொண்டேன். மேஸ்திரி சிரித்துக்கொண்டே, "அண்ணன் எடைக்கல்லோடயே பொறந்தவருங்க" என்றார். மளிகைக் கடைக்காரரின் மகன் அதற்கு வருந்த இயலுமா?

சுவர்கள் எழுந்தன. சென்ட்ரிங் பலகை அடித்து, கம்பி கட்டும் வேலையும் முடிந்தது. ஞாயிறு காலை கான்கிரீட் போடுவதென்று நாள் குறித்தாயிற்று. சனிக்கிழமை மாலை அலுவலகத்திலிருந்து திரும்பியதும் ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் மகளை அழைத்துக்கொண்டு ஏணியில் ஏறினேன். கூடம் 12 அடி அகலமும் 16 அடி நீளமும் உடையது. 16 அடி என்பது 192 அங்குலம்; 6 அங்குலத்துக்கு ஒன்றெனில் 32 இடைவெளிகள்; ஆக 33 கம்பிகள் இருக்க வேண்டும். மகள் எண்ணிக்கொண்டே சென்றாள். 27 என்றாள். மறுமுனையிலிருந்து நான் எண்ணினேன். எனக்கும் 27 தான் வந்தது.

என் நெஞ்சு படபடத்தது. ஆறு கம்பிகள். ஒன்று நான்கு மீட்டர் அளவு என்று கொண்டாலும் மொத்தம் 15 கிலோ. அந்நாளைய விலையில் ஆயிரம் ரூபாய் அளவுக்குத்தான் வரும். ஆயினும் கூரையின் வலிமையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கான்கிரீட் மூடுவதற்கு முன்பே காணாமற் போயிருந்தது. தளத்தின் மேல் பாரம் ஏறும்போது அதன் மேற்புறம் அமுங்கும், அடிப்புறம் இழுபடும். அமுக்கத்தைக் கான்கிரீட் தாங்கும். இழுப்பைத் தாங்கும் ஆற்றல் அதற்கு மிகக் குறைவு. அந்த இழுப்பைத் தாங்குவதற்கென்றே அடிப்புறத்தில் கம்பி வைக்கின்றனர். குனிந்து பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. கம்பிக்கும் பலகைக்கும் இடையே 20 மில்லிமீட்டர் இடைவெளி தரும் கவர் பிளாக்குகள் ஒரு மூலையில் வைக்கப்படவில்லை. கம்பி பலகையோடு ஒட்டிக் கிடந்தது. அப்படியே விட்டால் பின்னாளில் ஈரம் புகுந்து, கம்பி துருவேறிப் பருத்து, அடிப்பூச்சைப் பெயர்த்துத் தள்ளும்.

அன்றிரவு நான் பட்ட வேதனையை மறைக்க விரும்பவில்லை. கலவை இயந்திரமும் ஆட்களும் விடியற்காலையில் வருவதாக ஏற்பாடு. நிறுத்தினால் அவருக்கு இழப்பு. பேசாமல் விட்டுவிடலாமா என்றும் ஒரு கணம் நினைத்தேன். இவ்வூரில் நாம் ஒரு கைப்பிடி அளவினர். நாளை ஒரு நல்லது கெட்டதுக்கு முதலில் வந்து நிற்பவர் அவர்தாம். சோற்றுத் தட்டின் முன் பேசாமல் அமர்ந்திருந்த என்னைப் பார்த்து என் தாயார் கேட்டார். சொன்னேன். சற்று நேரம் கழித்து, "உங்கப்பா அன்னைக்கு ஏணியில ஏறியிருந்தா, சாகறப்ப அவருக்கு ஒரு சிநேகிதன் இருந்திருப்பான்" என்றார். அதற்கு மேல் அவர் ஏதும் சொல்லவில்லை. எனக்கும் வேறு ஏதும் தேவைப்படவில்லை. உடனே மேஸ்திரிக்கும் பொறியாளருக்கும் தொலைபேசியில் செய்தி சொன்னேன்.

இரவு ஒன்பது மணிக்கு மேஸ்திரி வந்தார். முகம் சிவந்திருந்தது.

"இந்த ஊருல நான் போட்ட தளம் நூறு இருக்குமுங்க அண்ணா. ஒண்ணாவது விழுந்துச்சுங்களா?"

"விழுகாதுங்க தம்பி. நான் விழும்னு சொல்ல வரல. படத்துல முப்பத்து மூணு இருக்குது. நீங்களும் நானும் அதுலதான் கையெழுத்துப் போட்டிருக்கோம். வாங்க, நீங்களே எண்ணிப் பாருங்க."

கைவிளக்கோடு மேலே ஏறினோம். அவரே எண்ணினார். 27 என்று தம் வாயால் சொல்லிவிட்டு நெடுநேரம் பேசாமல் நின்றார். கம்பி கட்டும் ஆள் எப்போதும் கை அளவிலேயே வைக்கிறவர் என்றும், தாம் வேறொரு வேலையில் இருந்ததனால் பார்க்கவில்லை என்றும் பின்னர்க் கூறினார். அது உண்மையாக இருக்கலாம். பாதி உண்மையாகவும் இருக்கலாம். அதை ஆராய வேண்டிய தேவையே எனக்கு எழவில்லை. இந்த ஒன்றைத்தான் அன்பர்களுக்குச் சொல்ல விழைகின்றேன். கையில் அளவுகோல் உள்ளவன் பிறர் உள்ளத்தை அளக்க வேண்டியதில்லை. எண்ணிக்கை குறைந்தது; குறைந்ததை வைத்தால் கணக்குத் தீர்ந்தது. அளவுகோல் இல்லாத என் தந்தையார், குற்றம் கண்டபோது தோழரின் உள்ளத்தையே அளக்க நேர்ந்தது. உள்ளத்தை அளந்தபின் உறவு எங்ஙனம் நிற்கும்?

ஞாயிறன்று கான்கிரீட் போடப்படவில்லை. ஆறு கம்பிகளைச் செருகுவதோடு வேலை முடியவில்லை; கட்டுகளை அவிழ்த்து எல்லாவற்றையும் 6 அங்குலத்தில் மீண்டும் நிறுத்த வேண்டியிருந்தது. மற்ற அறைகளையும் எண்ணினோம். அங்கும் குறை இருந்தது, நிறைத்தோம். ஒருநாள் ஆட்கூலியும் இயந்திர வாடகையும் வீணாயின. அவ்விழப்பில் பாதியை நான் ஏற்றேன். என்று எண்ணிப் பார்ப்பேன் என்பதை நான் முன்கூட்டிச் சொல்லியிருக்க வேண்டும். ஆட்களை அமர்த்திய பின்னர் ஏணியில் ஏறியது என் தவறு. கான்கிரீட் போடுவதற்கு இரண்டு நாள் முன்னதாகச் சரிபார்ப்பு நடைபெறும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டால் இந்தத் தொல்லை இராது. வீடு கட்டுவோர் இதனைக் கருத்தில் கொள்வார்களாக.

செவ்வாயன்று பொறியாளர் வந்து பார்த்து இசைவு தந்த பின்னர்த் தளம் போடப்பட்டது. அன்று என் வீட்டில் கூடிய கைகள் எத்தனை நாட்டவை! கம்பி கட்டியவர் தருமபுரிக்காரர். கொத்தனார் நஞ்சன்கூட்டைச் சேர்ந்த கன்னடர். கலவை சுமந்த இளைஞர்கள் பீகாரிலிருந்து வந்தோர். மகத நாட்டு வினைஞரும் மராட்டக் கம்மியரும் யவனத் தச்சரும் தமிழ் வினைஞரோடு கூடிச் சோழன் மண்டபத்தை அமைத்ததை மணிமேகலை கூறுகின்றது. அந்த மகதமே இன்றைய பீகார். மொழி வேறு வேறாயினும் அளவு ஒன்றாயிருந்தமையால் அம்மண்டபம் எழுந்தது.

மணலையும் ஜல்லியையும் சட்டிக் கணக்கில் அள்ளிப் போடாமல், ஒரு மூட்டை சிமெண்டின் கொள்ளளவாகிய 35 லிட்டர் கொள்ளும் அளவுப் பெட்டியால் அளந்தோம். தண்ணீரில்தான் பெரும்பாலோர் ஏமாறுகின்றனர். இந்தக் கலவைக்கு மூட்டை ஒன்றுக்கு 30 லிட்டர் தண்ணீரே இந்தியத் தர நிர்ணயம் வகுத்த அளவு. கலவை எளிதில் ஓட வேண்டும் என்று மேலும் மேலும் ஊற்றுவர். மிகுந்த நீர் பின்னர் ஆவியாகி, தான் இருந்த இடத்தில் நுண்துளைகளை விட்டுச் செல்லும். அத்துளைகளின் வழியேதான் மழை கீழே இறங்கும். என் மனைவி வாளியை எண்ணும் பொறுப்பை ஏற்றாள். மாலையில் நான் வெறும் மூட்டைகளை எண்ணினேன். 800 சதுர அடி, 5 அங்குலக் கனம் என்றால் 333 கன அடி. அதற்கு ஏறத்தாழ 76 மூட்டை தேவை. 77 வெறும் மூட்டைகள் கிடந்தன. ஓர் எழுத்தனுக்கு இதனினும் இனிய காட்சி வேறு உண்டோ?

15 சென்டிமீட்டர் கனசதுர அச்சுகளில் கலவையை நிரப்பி வைத்து, 28 ஆம் நாள் ஆய்வுக்கூடத்தில் அழுத்திப் பார்க்கச் செய்தோம். வேண்டிய வலிமை இருந்தது. தளத்தின் மேல் பாத்தி கட்டி நீர் தேக்கினோம். சாதாரணச் சிமெண்டானால் குறைந்தது 7 நாளும், சாம்பல் கலந்த சிமெண்டானால் 10 நாளும் ஈரம் காக்க வேண்டும் என்பது விதி. நாங்கள் 14 நாள் காத்தோம். முட்டுகளை அகற்றுவதற்கும் கணக்கு உண்டு. நாலரை மீட்டருக்கு உட்பட்ட அகலத்துக்குக் குறைந்தது 7 நாள், அதனினும் மிகுந்தால் 14 நாள். அடுத்த வேலைக்குப் பலகை வேண்டும் என்று விரைந்து பிரித்த தளங்களில் பிறந்த விரிசல்கள் எத்தனையோ!

இவ்வளவும் தேவையா என்று கேட்போர் உண்டு. 2014 சூன் 28 அன்று சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த பதினொரு மாடிக் கட்டடம் இடிந்து 61 உயிர்களைக் கொண்டதை நாம் மறக்கலாகாது. மாண்டவர்களுள் பெரும்பாலோர் பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் வந்த தொழிலாளர்கள், நம்மைப் போன்றவர்களே. சட்டமும் துணை நிற்கின்றது. லக்னோ வளர்ச்சிக் குழுமம் தொடர்பான வழக்கில் 1993 இல் உச்சநீதிமன்றம், வீடு கட்டித் தருவதும் நுகர்வோர் சட்டம் கூறும் சேவையே என்று தீர்ப்பளித்தது. 2019 ஆம் ஆண்டுச் சட்டமும் அதனை ஏற்கின்றது. கையொப்பமிட்ட ஒப்பந்தமும் பற்றுச்சீட்டும் தேதியிட்ட படங்களும் வைத்திருப்போர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். ஆயினும் நீதிமன்றம் இழப்பீடு தரும். மூடிய கான்கிரீட்டைத் திறந்து கம்பி வைத்துத் தராது. மூடுமுன் எண்ணுவதே முதல் நீதி.

இனி என் சொந்தக் குற்றம் ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். தளம் போட்டு இரண்டு மாதம் சென்றபின், ஆயிரம் லிட்டர்த் தண்ணீர்த் தொட்டியைக் கூடத்தின் நடுவே மேலே வைத்தால் குழாய்ச் செலவு குறையுமே என்று நான் கூறினேன். அதுவரையில் என்னோடு அளவாகவே பேசிவந்த மேஸ்திரி, தம் சட்டைப் பையிலிருந்து மடித்துக் கசங்கிய வரைபடத்தை எடுத்தார்.

"படத்துல தொட்டி மாடிப்படி மேலதானுங்க அண்ணா இருக்குது. ஆயிரம் லிட்டர்னா ஒரு டன்னுங்க. நானும் நீங்களும் இதுலதான் கையெழுத்துப் போட்டிருக்கோம்."

நான் சொன்ன சொல்லையே அவர் எனக்குத் திருப்பித் தந்தார். இருவரும் வாய்விட்டுச் சிரித்தோம். இரண்டு மாத இறுக்கம் அன்று அகன்றது. ஒப்பந்தம் அவரை மட்டும் கட்டவில்லை, என்னையும் கட்டியது. தொட்டி மாடிப்படியின் மேலேயே ஏறியது.

புதுமனை புகுவிழாவில் என் தாயார் அவருக்குத் தம் கையாலேயே வேட்டியும் வெற்றிலை பாக்கும் வைத்துக் கொடுத்தார். அவர் காலைத் தொட்டு வணங்கினார். அந்த ஆண்டும் சங்கத்துப் பொங்கல் பந்தலை அவரே அமைத்தார்.

அன்றிரவு நல்ல மழை. என் தாயார் பழைய பழக்கத்தால் எழுந்து கூடத்தில் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு துளியும் இல்லை. அப்போது எனக்கு அந்தத் தச்சரின் நினைவு வந்தது. அவர் அறிந்தே ஏமாற்றினாரா, மரக்கடைக்காரரிடம் அவரே ஏமாந்தாரா என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. ஓடு வேயும் முன்னர், ஒரு கைமரத்தின் கறுப்பு எண்ணெயை ஒரு விரற்கடை அளவு சுரண்டிப் பார்த்திருந்தால், மரத்தின் குறையை இருவரும் சேர்ந்தே கண்டிருப்பர்; சேர்ந்தே மரக்கடைக்குச் சென்று சண்டையிட்டிருப்பர். மாலையில் சேர்ந்தே திரும்பி வந்து, எங்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து காப்பி அருந்தியிருப்பர்.